2+2 என்று சோதிக்காதீர்கள்: ஒரு சூத்திரப் பாகுபடுத்திக்குத் தானியங்கிச் சோதனைகள் எழுதிய பதிவு

ஒரு மொத்த விற்பனைக் கடையின் விலைப்பட்டியல் செயலியில், விற்பனை விலைக்கான சூத்திரத்தைக் கடைக்காரரே எழுதிக்கொள்ளலாம். அடக்க விலை இருக்கும் பத்தி அ, லாப விகிதம் ஆ, வண்டிக்கூலி இ என்றால், ‘அ + அ * ஆ / 100 + இ’ என்று ஒரு கட்டத்தில் தட்டச்சு செய்தால் போதும். பட்டியலில் உள்ள ஒவ்வொரு சரக்குக்கும் விலை வந்துவிடும். அந்த வரியைப் படித்து, பொருள் பிரித்து, கணக்கிட்டுத் தரும் பாகுபடுத்தி பைத்தான் என்ற நிரல்மொழியில் சில நூறு வரிகளில் எழுதப்பட்டிருந்தது. வாகன் பிராட் 1973-இல் வெளியிட்ட முறையைப் பின்பற்றி, +, * போன்ற ஒவ்வொரு செயற்குறிக்கும் ஒரு பிணைப்பு வலிமையை எண்ணாகக் கொடுத்து, வலிமை கூடிய குறி தன் பக்கத்து மதிப்பை முதலில் இழுத்துக்கொள்ளும்படி அமைந்த சிறிய நிரல் அது. அதில் மூன்று வசதிகளைச் சேர்க்க வேண்டியிருந்தது: ஓரெழுத்துக்குப் பதிலாக ‘அடக்கம்’, ‘வண்டிக்கூலி’ போன்ற முழுப் பெயர்கள், சதவீதக் குறி, கொடுத்த மதிப்புகளுள் ஒன்றைத் தேர்ந்து தரும் ‘பெரியது’, ‘சிறியது’ போன்ற சார்புகள். உள்ளே கை வைப்பதற்கு முன், இன்று சரியாக இருப்பது ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் சரியாகவே இருக்கிறதா என்று தானாகப் பார்த்துச் சொல்லும் சோதனைத் தொகுப்பு ஒன்றை எழுதி முடித்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

சோதனை என்ற பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தது. 2+2 என்பதற்கு 4, 2*2 என்பதற்கு 4, 2^2 என்பதற்கும் 4; 2^2^2 என்பதற்கு 16; 8/4/1 என்பதற்கு 2; -2^3 என்பதற்கு −8. எல்லா வரிகளும் பச்சை நிறத்தில் தேறின. தேறியதில் வியப்பில்லை, ஏனென்றால் இவற்றில் பலவும் எப்படிப்பட்ட பாகுபடுத்தியையும் தேறவிடும் வரிகள். கூட்டல் குறியைப் பெருக்கல் என்று தவறாக எடுத்துக்கொண்டாலும் 2+2 நான்குதான். அடுக்கை இடமிருந்து சேர்த்தாலும் வலமிருந்து சேர்த்தாலும் 2^2^2 பதினாறுதான். 8/4/1 என்பதை 8/(4/1) என்று புரட்டிப் படித்தாலும் இரண்டுதான். −2-ஐ முதலில் எடுத்து அதை மும்மடி ஆக்கினாலும், 2-ஐ மும்மடி ஆக்கிய பின் எதிர்க்குறி இட்டாலும், அடுக்கு ஒற்றைப்படை என்பதால் விடை மாறாது. இத்தனை வரிகளும் சேர்ந்து எனக்குச் சொன்னது, நிரல் இயங்குகிறது என்பதை மட்டுமே.

ஆகவே முதல் வேலை எண்களை மாற்றுவது. ஒரு சூத்திரத்தைத் தவறாகப் படிக்கக்கூடிய வழிகளை முதலில் எழுதிக்கொண்டு, அவை ஒவ்வொன்றும் வேறு வேறு விடை தரும்படியான எண்களைத் தேர்ந்தெடுத்தேன். 7-4-2 என்றால் சரியான விடை 1, வலமிருந்து சேர்த்தால் 5. 24/4/2 என்றால் 3, தவறினால் 12. 2^3^2 என்றால் 512, தவறினால் 64. 2+3*4 என்றால் 14, தவறினால் 20. சுழியும் ஒன்றும் சோதனை எண்களாக அநேகமாக எந்த இடத்திலும் உதவாதவை. சூத்திரம் முழுவதும் இரண்டையே வைக்காமல் இருப்பதும் நல்லது.

ஆனால் எந்த எண்ணைப் போட்டாலும் பிடிபடாத தவறுகளும் உண்டு. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், அடுக்கு என்ற ஐந்து குறிகளில் இரண்டிரண்டாக எடுத்து, மூன்று எண்களுக்கு இடையே வைத்தால் 25 வகைச் சூத்திரங்கள் கிடைக்கும். அவற்றுள் நான்கில், அதாவது கூட்டலை அடுத்துக் கூட்டல், கூட்டலை அடுத்துக் கழித்தல், பெருக்கலை அடுத்துப் பெருக்கல், பெருக்கலை அடுத்து வகுத்தல் வரும்போது, எந்தப் பக்கமிருந்து சேர்த்தாலும் கணிதப்படி விடை ஒன்றுதான். கணிதப்படி ஒன்று என்பதால் கணினியிலும் ஒன்று என்று ஆகிவிடாது. இந்தச் செயலி பணக் கணக்குக்கானது என்பதால் பைத்தானின் தசம எண் நூலகத்தைப் பயன்படுத்துகிறது. அது இயல்பாக 28 இலக்கத் துல்லியத்தில் கணக்கிடும். அதில் (3*1)/3 என்பது சரியாக 1. 3*(1/3) என்பதோ 0.999 என்று தொடங்கி 28 ஒன்பதுகளோடு முடியும் எண். அதன் பின்னப் பகுதியை வெட்டி ரூபாயாக மாற்றும் சார்பு ஒன்று பின்னால் இருந்தால், ஒரு ரூபாய் சுழியாகிவிடும். கடைக்காரரின் ‘அ * ஆ / 100’ என்பதும் இதே வடிவம்தான். மற்ற எண்களில் எல்லாம் சரியாக வந்து, ஏதோ ஒரு சரக்கில் மட்டும் தவறும் பிழையைத் தேடுவதைவிடக் கொடுமையான வேலை இந்தத் தொழிலில் குறைவு.

எனவே விடையைச் சோதிப்பதை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிட்டு, பாகுபடுத்தி கட்டும் மரத்தையே, அதாவது எந்தக் குறி எந்த மதிப்புகளைச் சேர்க்கிறது என்பதைக் கணுக்களும் கிளைகளுமாகக் காட்டும் அமைப்பையே, சோதிப்பது என்று முடிவு செய்தேன். மரத்தை எளிதாக ஒப்பிடுவதற்கு, அதை முழு அடைப்புக்குறிகளோடு ஒரு சரமாக, அதாவது எழுத்துகளின் வரிசையாக, எழுதித் தரும் சிறு சார்பு போதுமானது. எந்தக் குறியை முதலில் கணக்கிடுவது என்ற முன்னுரிமையைப் பற்றி எந்த அறிவும் அதற்குத் தேவையில்லை. ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு சோடி அடைப்பு, அவ்வளவுதான். 1957-இல் ஐபிஎம் 704 கணினிக்கு வந்த முதல் ஃபோர்ட்ரான் தொகுப்பி (அந்த மொழியின் நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்), இதன் மறுதலையான வழியில் முன்னுரிமையைக் கையாண்டது: சூத்திரத்தில் உள்ள ஒவ்வொரு குறியைச் சுற்றியும் அதன் தரத்துக்கேற்ற எண்ணிக்கையில் அடைப்புக்குறிகளைச் செருகிவிட்டு, அடைப்புக்குறிகளை மட்டும் பார்த்துப் பொருள் பிரித்தது. அடைப்பு முழுமையாக இருந்தால் முன்னுரிமை என்ற கேள்வியே எழாது என்பதுதான் இரண்டுக்கும் அடிப்படை. அட்டவணையின் சில வரிகள் இப்படி இருந்தன:

7-5-3 → ((7-5)-3)
7+5-3 → ((7+5)-3)
7*5/3 → ((7*5)/3)
7/5^3 → (7/(5^3))
7^5^3 → (7^(5^3))

25 வரிகளையும் கையால் எழுதினேன். பாகுபடுத்தியை ஓட்டி, அது தருவதை நகலெடுத்து வலப்பக்கத்தில் ஒட்டுவது எளிது; ஆனால் அப்படி எழுதிய அட்டவணை, நிரல் நேற்று செய்ததையே இன்றும் செய்கிறது என்பதைத்தான் உறுதி செய்யும். நேற்று செய்தது சரியா என்பதை வேறு ஒருவர்தான் சொல்ல வேண்டும், அந்த வேறு ஒருவர் தாளும் பேனாவுமாக உட்கார்ந்த நான்.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். பைடெஸ்ட் என்ற சோதனைக் கருவி, அட்டவணையில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் அதன் உள்ளடக்கத்தைக் கொண்டே ஒரு பெயர் வைக்கும். அந்தப் பெயரில் தமிழ் எழுத்து இருந்தால், எழுத்துக்குப் பதிலாக, யூனிகோடு என்ற எழுத்துக் குறியீட்டுத் தரத்தில் அதற்குரிய எண்களைத்தான் திரையில் காட்டும். தோற்றுப்போன சோதனை எது என்று பார்த்தால் ஒன்றும் விளங்காது. இதை நிறுத்துவதற்கு ஓர் அமைப்பு உண்டு. அதன் பெயரே, பெயர்களை இப்படி மாற்றி எழுதுவதை முடக்கி, சமூக ஆதரவுக்கான எல்லா உரிமைகளையும் துறக்கிறேன் என்ற பொருள் தரும் ஒரே நீண்ட சொல்லாக இருக்கிறது. துறந்துவிட்டேன், இதுவரை எந்தக் குறையும் இல்லை.

மரத்தின் வடிவத்தை எழுதத் தொடங்கியதும், நிரலைப் பற்றியதல்லாத கேள்விகள் வரிசையாக வந்தன. -3^2 என்பதற்கு எது சரி? பள்ளிக் கணிதத்தின்படியும் பைத்தானின்படியும் −9. எக்செலில் இதையே சூத்திரமாக இட்டால் 9 வரும், ஏனென்றால் அங்கே முன்னால் நிற்கும் கழித்தல்குறி அடுக்கைவிட வலிமையானது. எக்செலோடு இணைந்து வரும் நிரல்மொழியான விஷுவல் பேசிக்கிலேயே விடை −9 என்பது தனிக்கதை. 2^3^2 என்பதும் எக்செலில் 64, பைத்தானில் 512. கடைக்காரர்கள் எக்செலில் பழகியவர்கள் என்பதால் அதன் வழியைப் பின்பற்றலாமா என்று யோசித்தேன். ஆனால் செயலியின் உதவிப் பக்கம் ஏற்கெனவே பள்ளிப் பாட முறையைச் சொல்லியிருந்தது. அந்த முறையையே வைத்துக்கொண்டு, எக்செலிலிருந்து மாறுபடும் இரண்டு இடங்களையும் சோதனைக்கு மேலே குறிப்பாக எழுதிவைத்தேன்.

முன்னொட்டுக் கழித்தல்குறிக்கு மட்டும் தனி அட்டவணையே தேவைப்பட்டது. பிராட் முறையில் அது தடுமாறும் இடங்கள் குறிப்பானவை. 2*-3+4 என்பதில் கழித்தல்குறியின் வலிமை குறைவாக இருந்தால் அது 3+4 முழுவதையும் விழுங்கி −14 தரும். சரியான விடை −2. 2^-3*4 என்பது ((2^(-3))*4) ஆக வேண்டும், 2^(-(3*4)) ஆகக் கூடாது. 2^-3^2 என்பது (2^(-(3^2))), அதாவது 512-இல் ஒரு பங்கு. -2*3 என்பதை ((-2)*3) என்று எடுத்தாலும் (-(2*3)) என்று எடுத்தாலும் விடை மாறாது. இங்கும் மரந்தான் சாட்சி. 2--3, --3, 2+-+3 ஆகியவற்றை ஏற்பதா மறுப்பதா என்பதற்கு, ஏற்பது என்று வரி எழுதினேன்.

சதவீதக் குறி இன்னும் வம்பானது. 100+10% என்று பல கைக்கணிப்பான்களில் தட்டினால் 110 வரும், எக்செலில் 100.1 வரும். கடைக்காரர் கல்லாவில் வைத்திருப்பது கணிப்பான், கணக்கெழுதுவது எக்செலில். இரண்டில் எதைத் தேர்ந்தாலும் ஒரு பாதிப் பேருக்குத் தவறான விலைதான் போகும், அதுவும் சத்தமில்லாமல் போகும். கூட்டலுக்கோ கழித்தலுக்கோ வலப்பக்கத்தில் சதவீதம் தனியாக வந்தால் பாகுபடுத்தி ஏற்காமல், எதில் 10% என்று கேட்க வேண்டும் என முடிவு செய்தேன். ‘அடக்கம் * 10%’ ஏற்கப்படும்; ‘அடக்கம் + 10%’ மறுக்கப்படும். இது கெடுபிடியாகத் தோன்றலாம், ஆனால் விலைப்பட்டியலில் தவறான எண்ணைவிடப் பிழைச்செய்தி மலிவானது. கமாவுக்கும் இதே கதிதான். 1,00,000 என்று எழுதும் பழக்கம் நமக்கு உண்டு. எக்செலில் சார்பின் மதிப்புகளைக் கமாவால் பிரிக்கும் பழக்கமும் உண்டு. ‘பெரியது(1,500)’ என்று எழுதியவர் ஆயிரத்து ஐந்நூறை நினைத்தாரா, ஒன்றையும் ஐந்நூறையும் நினைத்தாரா என்று நிரலுக்குத் தெரிய வழியில்லை. மதிப்புகளைப் பிரிக்க அரைப்புள்ளி, எண்ணுக்குள் கமா கூடாது, எங்கே கமா வந்தாலும் இந்த இரண்டையும் விளக்கும் ஒரு செய்தி. இவை எல்லாவற்றையும் நிரல் எழுதுவதற்கு முன்பே தோற்கும் சோதனைகளாக எழுதிவைத்தேன்.

முழுப் பெயர்களுக்கு வந்தபோதுதான் வேலை சூடுபிடித்தது. பழைய சோதனைகளில் பெயர்கள் எல்லாம் அ, ஆ, இ என்று ஓரெழுத்தாகவே இருந்தன, அவை தேறிக்கொண்டும் இருந்தன. ‘அடக்கம் * 3’ என்று ஒரு வரி சேர்த்ததும் தோற்றது. சூத்திரத்தை எண், பெயர், குறி என்ற துண்டுகளாக, அதாவது டோக்கன்களாக, பிரிக்கும் பகுதி, ஒவ்வொரு குறியீட்டையும் எடுத்து, இது எழுத்தா என்று பைத்தானின் இஸ்ஆல்ஃபா முறையிடம் கேட்டு, ஆம் என்று வரும்வரை பெயரை நீட்டிக்கொண்டே போகும்படி எழுதப்பட்டிருந்தது. அந்த முறைக்கு அ எழுத்து, ட எழுத்து, க எழுத்து. ஆனால் புள்ளி எழுத்தன்று, ஏனென்றால் யூனிகோடு அதை இணைகுறி என்ற வேறு வகையில் வைத்திருக்கிறது. கால், கொம்பு, கொக்கி எதுவும் அதன் கணக்கில் எழுத்தல்ல. ஆகவே பெயர் ‘அடக’ என்பதோடு முடிந்து, தனியாகத் தொங்கும் புள்ளியைப் பார்த்து ‘அறியாத குறி’ என்று பாகுபடுத்தி நின்றுவிட்டது. ‘தர’, ‘பல’ போன்ற, எந்தக் குறியும் ஒட்டாத சொற்கள் மட்டுமே தேறின. உரையில் எழுத்து வடிவங்களைத் தேடப் பயன்படும் பைத்தானின் ரெகுலர் எக்ஸ்பிரஷன் நூலகத்தில் ‘சொல் எழுத்து’ என்ற வகையைப் பயன்படுத்தினாலும் இதே சிக்கல்தான். இஸ்ஐடென்டிஃபயர் என்ற முறை மட்டும் இணைகுறிகளையும் பெயரின் பகுதியாக ஏற்கும். பிரிப்பானை அதற்கு மாற்றினேன். சோதனைப் பெயர்களையும் வேண்டுமென்றே பல வகை உயிர்க்குறிகளும் வரும்படி தேர்ந்தெடுத்தேன்: வண்டிக்கூலி, மொத்தம், சேதாரம், கையிருப்பு, கௌரவக்கழிவு.

‘மொத்தம்’ அடுத்த சிக்கலைக் கொண்டுவந்தது. ‘மொ’ என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுத முடியும். ம என்ற எழுத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்க்கலாம். அல்லது எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியாக அடுக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் சரங்களாக ஒப்பிட்டால் வேறு வேறு. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றி ஒட்டிய உரையில் இரண்டாவது வகை வரக்கூடும் என்பதால், பத்தியின் தலைப்பில் ஒரு ‘மொத்தம்’, சூத்திரத்தில் இன்னொரு ‘மொத்தம்’ என்று ஆகி, கண்ணெதிரே இருக்கும் பத்தியையே ‘இல்லை’ என்று செயலி சொல்லும். இதற்கு மருந்து, உரையை முதலில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் இயல்பாக்கம். பைத்தான் தன் சொந்த நிரல் பெயர்களுக்கு என்எஃப்கேசி என்ற வடிவத்தைப் பயன்படுத்துவதால், அதையே சூத்திரம் முழுவதற்கும் போட்டுவிடலாம் என்று தோன்றும். போடக் கூடாது. அந்த வடிவம் மேற்குறி எண்களையும் சாதாரண எண்களாக மாற்றிவிடும். 5² என்று ஒட்டியவருக்கு 25 கிடைக்காது, பிழைச்செய்தியும் கிடைக்காது, 52 கிடைக்கும். என்எஃப்சி என்ற வடிவம் உயிர்க்குறிகளை மட்டும் ஒன்றுசேர்த்துவிட்டு ²-ஐத் தொடாமல் விடும். 5² மறுக்கப்பட வேண்டும், 52 ஆகக் கூடாது என்று தனியாக ஒரு சோதனை இருக்கிறது. என்எஃப்சியிலும் அந்தச் சோதனை உடனே தேறிவிடவில்லை. இஸ்டிஜிட் என்ற முறை ²-ஐயும் இலக்கம் என்றே சொல்வதால், 5² முழுவதும் எண்ணாகப் பிரிக்கப்பட்டு, தசம நூலகத்தின் உள்பிழை அப்படியே கடைக்காரரின் திரைக்கு வந்தது. இஸ்டெசிமல் என்ற கண்டிப்பான முறைக்கு மாற்றியதும் அடங்கியது.

இஸ்டெசிமல் தமிழ் இலக்கங்களை ஏற்கும். ௧௨ என்று கொடுத்தால் தசம நூலகம் 12 என்றே எடுத்துக்கொள்ளும். ஏற்பதில் ஓர் அழகு இருக்கிறது என்று சற்று ஆசைப்பட்டேன். ஆனால் ௧ என்ற இலக்கமும் க என்ற எழுத்தும், ௨ என்பதும் உ என்பதும், ௮ என்பதும் அ என்பதும் பல எழுத்துருக்களில் ஏறத்தாழ ஒரே தோற்றம் கொண்டவை. பழைய சூத்திரங்களில் அ என்பது அடக்க விலை இருக்கும் பத்தி. அ*2 என்பதற்கும் ௮*2 என்பதற்கும் கண்ணால் வேறுபாடு காண முடியாத இடத்தில் இரண்டையும் ஏற்பது பொறுப்பற்ற செயல். தமிழ் இலக்கங்கள் மறுக்கப்படும் என்று சோதனை எழுதினேன், மனமில்லாமல்தான்.

வாட்ஸ்அப்பிலிருந்தும் வேர்டிலிருந்தும் ஒட்டப்படும் சூத்திரங்களுக்காக இன்னொரு சிறு அட்டவணை. கழித்தல்குறிக்குப் பதிலாக நீண்ட கோடு, கணிதக் கழித்தல்குறி, × மற்றும் ÷ ஆகியவை ஏற்கப்படும். அகலமில்லா இடைவெளி போன்ற கண்ணுக்குத் தெரியாத குறியீடுகள் முன்னதாகவே நீக்கப்படும். பிந்தையவற்றை இஸ்ஸ்பேஸ் முறை இடைவெளியாகக் கருதாது என்பதால் பெயரிட்டே நீக்க வேண்டும்.

பிழை எங்கே என்று காட்டுவதிலும் தமிழ் ஒரு கணக்கைக் கேட்கிறது. ‘மொத்தம் + * 3’ என்ற சூத்திரத்தில் தவறு பெருக்கல் குறியில். மொத்தம் என்பது படிப்பவருக்கு நான்கு எழுத்து, யூனிகோடுக்கு ஏழு குறியீடு; எனவே நிரல் ‘11-ஆம் இடத்தில் பிழை’ என்கிறது, எண்ணிப் பார்ப்பவரோ எட்டாம் இடத்தில்தான் அந்தக் குறியைக் காண்கிறார். இட எண்ணைச் சொல்வதையே கைவிட்டு, ‘+ என்பதற்கும் * என்பதற்கும் இடையே ஒரு மதிப்பு விடுபட்டிருக்கிறது’ என்று குறிகளைக் கொண்டே சொல்லும்படி மாற்றினேன். சோதனைகளும் செய்தியின் முழு வாசகத்தை ஒப்பிடுவதில்லை. பிழையின் வகை, அது சுட்டும் டோக்கன் ஆகிய இரண்டை மட்டும் பார்க்கின்றன. வாசகத்தைச் செப்பனிடும் ஒவ்வொரு முறையும் சோதனைகள் உடைந்தால், பிறகு யாரும் வாசகத்தைச் செப்பனிட மாட்டார்கள்.

கையால் எழுதிய அட்டவணைகள் இவ்வளவு. எனக்குத் தோன்றாத சூத்திரங்களை எழுதுவதற்கு ஹைப்போதிசிஸ் என்ற பைத்தான் நூலகத்தைச் சேர்த்தேன். கோன் கிளாசனும் ஜான் ஹியூஸும் 2000-இல் ஹாஸ்கெல் மொழிக்காக வெளியிட்ட குவிக்செக் என்ற சோதனைக் கருவியின் வழியில் வந்தது அது. குறிப்பிட்ட ஓர் உள்ளீட்டுக்குக் குறிப்பிட்ட விடை என்று எழுதாமல், எல்லா உள்ளீட்டுக்கும் பொருந்த வேண்டிய ஒரு பண்பை எழுதிக்கொடுத்தால், அது மனம்போன போக்கில் உள்ளீடுகளை உருவாக்கி, பண்பு உடைகிறதா என்று தேடும். ஒரு சோதனைக்கு இயல்பாக 100 உள்ளீடுகள். உடைந்தால், அந்த உள்ளீட்டைச் சுருக்கிச் சுருக்கி, இதற்கு மேல் எளிமையாக்க முடியாத வடிவில் காட்டும்.

நான் எழுதிய முதல் பண்பு: ஏதேனும் ஒரு மரத்தை உருவாக்கு, அதைத் தேவையான அடைப்புகள் மட்டும் உள்ள சூத்திரமாக எழுது, அதைப் பாகுபடுத்து, பழைய மரமே திரும்பி வர வேண்டும். செயலியில் சூத்திரத்தைத் திருத்திக் காட்டும் பகுதி ஏற்கெனவே இப்படிக் குறைந்த அடைப்புகளோடு எழுதிக்கொண்டிருந்தது. அது உடனே தோற்றது, சுருங்கி வந்த எடுத்துக்காட்டு 0-(0-0). கழித்தலின் வலப்பக்கத்தில் இன்னொரு கழித்தல் இருந்தால் அடைப்பு வேண்டும் என்பதை எழுதும் பகுதி கவனிக்காமல் 0-0-0 என்று எழுதியிருந்தது. அந்த எடுத்துக்காட்டை விடையால் சோதித்திருந்தால், இரண்டு பக்கமும் சுழி என்று தேறியிருக்கும். மரங்களை ஒப்பிட்டதால் சுழிகளே போதுமானதாயின. இன்னொன்றும் வந்தது: மரத்தில் −3 என்று ஓர் எண் கணுவை வைத்து எழுதினால், திரும்பி வருவது 3 என்ற எண்ணின் மேல் ஒரு கழித்தல்குறிக் கணு. இது பிழையன்று, எதிர்ம எண் என்று ஒரு கணு இந்த மொழியில் இல்லை என்பதே உண்மை, ஆகவே உருவாக்கும் பகுதியில் எதிர்ம எண்களை நிறுத்தினேன்.

இந்தப் பண்புக்கு ஒரு குருட்டுப் பக்கம் உண்டு. எழுதும் பகுதியும் படிக்கும் பகுதியும் ஒரே தவறான முன்னுரிமையில் உடன்பட்டுவிட்டால், மரம் பத்திரமாகப் போய்த் திரும்பி வரும். வெளியிலிருந்து ஒரு நடுவர் தேவை. பைத்தானே அந்த நடுவர்: ஐந்து குறிகளின் முன்னுரிமையிலும் சேரும் திசையிலும் நமது மொழி அதனோடு ஒத்துப்போகிறது, அடுக்குக்குறியை மட்டும் இரட்டை நட்சத்திரமாக மாற்றிக்கொடுக்க வேண்டும். எண்கள் எல்லாவற்றையும் பின்னங்களாக மாற்றி, பைத்தானைக் கொண்டு துல்லியமாகக் கணக்கிட்டு, நமது விடையோடு ஒப்பிட்டேன். வகுத்தல் இல்லாத சூத்திரங்களில், எண்கள் சிறியவை என்பதால், சமம் என்றால் சமமாகவே இருக்க வேண்டும். வகுத்தல் உள்ளவற்றில் மட்டும், 28 இலக்க எல்லை காரணமாக, மிகச் சிறிய வேறுபாடு ஒன்றை அனுமதித்தேன். எல்லாவற்றுக்கும் சேர்த்து தாராளமான ஒரே வேறுபாட்டை அனுமதித்திருந்தால், 0.1+0.2 என்பது சரியாக 0.3 ஆகாமல் 0.30000000000000004 என்று வருவதை, அதாவது யாரோ இடையில் பின்னங்களைத் தோராயமாக வைக்கும் மிதவைப்புள்ளி எண்ணைப் புகுத்திவிட்டதை, சோதனை கண்டுகொள்ளாமல் விட்டுவிடும்.

தவறான சூத்திரங்களுக்கான சோதனைகளை விரைவாகவே முடித்தேன். வெற்றுச் சரம், வெறும் இடைவெளி, திறந்து மூடாத அடைப்பு, மூடித் திறக்காத அடைப்பு, 2+, *3, 1.2.3, 2 3, (). இவை எல்லாம் நமது பிழை வகையைத்தான் எழுப்ப வேண்டும், பைத்தானின் உள்பிழை எதுவும் வெளியே கசியக் கூடாது. இதைக் கசியவைத்தவை இரண்டு. பத்தாயிரம் திறப்பு அடைப்புகளைக் கொடுத்தால், ஒரு சார்பு தன்னையே எத்தனை அடுக்கு அழைக்கலாம் என்ற பைத்தானின் இயல்பான தன்னழைப்பு எல்லையான 1000-ஐத் தாண்டி நிரல் சரிந்தது. எக்செல் சார்புகளை 64 அடுக்கு வரைதான் ஒன்றுக்குள் ஒன்றாக அனுமதிக்கிறது. அதே எண்ணை அடைப்புகளுக்கு எல்லையாக வைத்தேன். மற்றொன்று 9^9^9. அதன் விடை 36,96,93,100 இலக்கங்கள் கொண்ட எண். தசம நூலகம் அதை மிகைவழிவு, அதாவது தன் எல்லையை மீறிய எண், என்று உடனே மறுத்து, தன் பிழையை அப்படியே எழுப்பியது. அதைப் பிடித்து ‘எண் மிகப் பெரியது’ என்று மாற்றினேன். பின்னங்களைப் பயன்படுத்தும் நடுவரோ அதைக் கணக்கிட உட்கார்ந்து, எழுந்திருக்கவே இல்லை. உருவாக்கும் பகுதியில் அடுக்குகளைச் சிறிய எண்களாகக் கட்டுப்படுத்திய பிறகுதான் தொகுப்பு மீண்டும் ஓடியது.

சோதனைகளே சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பதற்கு ஒரு வழி உண்டு: நிரலில் வேண்டுமென்றே ஒரு சிறு பழுதைச் செய்துவிட்டு, ஏதேனும் ஒரு சோதனையாவது தோற்கிறதா என்று பார்ப்பது. டிமில்லோ, லிப்டன், சேவர்ட் ஆகியோர் 1978-இல் எழுதிய கட்டுரைக்குப் பின் பரவலான முறை இது. இதற்கென்று கருவிகள் இருந்தாலும், நிரல் சிறியது என்பதால் கையாலேயே செய்தேன். பிணைப்பு வலிமைகளை ஒவ்வொன்றாக மாற்றினேன், சேரும் திசைகளைப் புரட்டினேன், நிரலுக்குள் < என்று இருந்த ஒப்பீட்டை <= (சிறியது அல்லது சமம்) ஆக்கினேன். முன்னுரிமை தொடர்பான பழுது ஒவ்வொன்றுக்கும் 25 வரி அட்டவணையில் ஏதேனும் ஒரு வரி சிவந்தது. பழைய கோப்பை மட்டும் வைத்து அதே பழுதுகளைச் செய்து பார்த்தபோது பெரும்பாலானவை பச்சையாகவே கடந்து போயின. புதிய தொகுப்பிலும் ஒன்று தப்பித்தது: அடைப்பு எல்லையை 64-லிருந்து 65 ஆக்கினால் எதுவும் தோற்கவில்லை, ஏனென்றால் சோதனை பத்தாயிரத்தை மட்டுமே பார்த்தது. 64 தேற வேண்டும், 65 தோற்க வேண்டும் என்று இரண்டு வரிகள் சேர்த்தேன்.

8/2(2+2) என்ற கணக்கு 2019-இல் இணையம் முழுவதும் சுற்றி, 16 என்றும் 1 என்றும் இரு கட்சிகளாக மக்களைப் பிரித்தது நினைவிருக்கலாம். பெருக்கல் குறியை எழுதாமல் விடுவதை இந்த மொழி ஏற்பதில்லை. அந்தச் சூத்திரமும், (2)(3), ‘2 அடக்கம்’ ஆகியவையும் மறுக்கப்பட வேண்டிய வரிசையில் இருக்கின்றன. ‘அடக்கம்(3)’ மட்டும் சற்று வேறு, அது சார்பை அழைப்பதுபோல் தோன்றுவதால், ‘அடக்கம் என்பது பத்தியின் பெயர், சார்பு அன்று’ என்ற தனிச் செய்தி அதற்கு.

இதன் பிறகுதான் சதவீதக் குறியின் நிரலை எழுதத் தொடங்கினேன். எண்ணுக்குப் பின்னால் ஒட்டும் குறி என்பதால், பெருக்கலுக்குச் சற்று மேலான வலிமையைக் கொடுத்து ஓட்டினேன். ‘அடக்கம் * 10%’ தேறியது. 2^50% என்ற வரி தோற்றது. எதிர்பார்த்தது (2^(50%)), வந்தது ((2^50)%). முதலாவது இரண்டின் வர்க்கமூலம், இரண்டாவது கோடிகோடியாகப் போகும் ஓர் எண். கடையில் யாரும் இப்படி எழுதப் போவதில்லைதான். வலிமையை அடுக்குக்கு மேலே உயர்த்தினேன், அந்த வரி தேறியது, மற்றவை எதுவும் அசையவில்லை. அடுத்து அரைப்புள்ளியால் பிரியும் சார்புகளுக்குப் போனேன்.